கட்டிய பட்டமும் பறந்த பட்டமும்

('ஓர் ஊரை நிமிர வைப்பது ஏடா? ஆட்டமா?' என்ற பட்டிமன்றத்தில், 'ஆட்டமே!' என்ற அணியில் பேசியது)



இந்தத் தலைப்பை வேற எந்த ஊரிலே வச்சிருந்தாலும் நான் பயப்பட மாட்டேன். காரைக்குடியிலே வச்சுட்டாங்களே! இது 1939-லே சா. கணேசன் ஐயா கம்பன் கழகம் தொடங்கின ஊர். 1919-லே மகாகவி பாரதி, இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்து, கையிலே கம்போட புகைப்படம் எடுத்துக்கிட்ட ஊர். பக்கத்திலே சிறுகூடல்பட்டி, கவியரசு கண்ணதாசன் பிறந்த மண். இந்த ஊர்லே நின்னுக்கிட்டு, 'ஏடு பெரிசில்லே, ஆட்டம்தான் பெரிசு'ன்னு பேசச் சொன்னா, மாமியார் வீட்டு விருந்திலே உட்கார்ந்து, சமையல்லே உப்பு இல்லேன்னு சொல்ற கதைதான். (சிரிப்பு)

போதாக்குறைக்கு நான் தமிழாசிரியர். எனக்குச் சோறு போடறதே ஏடுதான். ஆனா உண்மையைச் சொல்லச் சொல்லிக் கொடுத்ததும் அந்த ஏடுதானே ஐயா? அதனாலே சொல்றேன்.

எனக்கு முன்னாலே பேசின எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார். "சின்ன வயசிலே இராமன் விளையாட்டா மண்ணுருண்டையாலே கூனி முதுகிலே அடிச்சான். அதை மனசிலே வச்சுத்தான் கூனி அவனைக் காட்டுக்கு அனுப்பினா. விளையாட்டு வினையாச்சு பாருங்க"ன்னார். நான் ஒண்ணு கேக்கிறேன். அந்த உருண்டை விழலேன்னா கூனிக்குக் கோபம் இல்லே. கூனிக்குக் கோபம் இல்லேன்னா வனவாசம் இல்லே. வனவாசம் இல்லேன்னா கம்பனுக்குக் காவியமே இல்லையே ஐயா! ஏடு பிறந்ததே ஆட்டத்திலேதானே? (பலத்த கைதட்டல்)

சரி, சிரிப்பு போதும். வழக்குக்கு வர்றேன். என் கட்சிக்கு நான் கூப்பிடற சாட்சி ஒரே ஒரு ஊர். அதுவும் ஆட்டத்துக்குப் பேர் போன ஊரை எடுத்தா எதிரணி ஒத்துக்காது. அதனாலே ஏட்டுக்கே தலைநகரம் மாதிரி இருந்த ஊரை எடுக்கிறேன். கல்கத்தா. 2001-லேருந்து கொல்கத்தான்னு சொல்றோம்.

அந்த ஊரிலே தெருவுக்குத் தெரு எழுத்து. ஜோராசாங்கோ வீட்டிலே ரவீந்திரநாத் தாகூர். பக்கத்துப் பேட்டையிலே விவேகானந்தர் பிறந்த வீடு. பாக்பஜார் சந்திலே சகோதரி நிவேதிதா. அந்த அம்மையாரைக் கல்கத்தாவிலே சந்திச்ச பிறகுதான் நம்ம பாரதி அவரைத் தன் குருன்னு சொல்லிப் புத்தகத்தையே காணிக்கையாக்கினார். பங்கிம் சந்திரர் 'ஆனந்த மடம்' எழுதினார். அதிலே இருக்கிற வந்தே மாதரம் பாட்டை பாரதி தமிழுக்குக் கொண்டு வந்தார். இப்படி எழுத்தாலே நிறைஞ்ச ஊர். ஏடு மட்டும் போதும்னா, அந்த ஊர் அப்பவே நிமிர்ந்திருக்கணுமா இல்லையா?

நிமிரலே ஐயா. ஏன் தெரியுமா? வேற ஒரு ஏடு அந்த ஊர்த் தலையிலே கல்லைத் தூக்கி வச்சிருந்தது. மெக்காலே பிரபு, நம்ம பாடத்திட்டத்துக்கே பிள்ளையார் சுழி போட்டவர், 1841-லே ஒரு கட்டுரை எழுதினார். அதிலே வங்காளிக்கு உடம்பிலே வலுவில்லே, மனசிலே துணிவில்லேங்கிற பொருள்லே எழுதி வச்சார். ஒரு மனுஷன் எழுதினது. ஆனா அதை வெள்ளைக்காரன் மட்டுமா படிச்சான்? இங்கிலீஷ் படிச்ச வங்காளிப் பிள்ளையும் படிச்சான். படிச்சு நம்பவும் ஆரம்பிச்சான். அதுதான் கொடுமை. அடுத்தவன் நம்மளை நோஞ்சான்னு சொன்னா அது வசை. நாமே அதை நம்பிட்டா அது நோய்.

இந்தப் பட்டத்தை எப்படி அவிழ்க்கிறது? 'நாங்க நோஞ்சான் இல்லே'ன்னு பதில் கட்டுரை எழுதலாம். எழுதினாங்க. படிச்சவன் என்ன சொல்லுவான்? 'நல்லா எழுதறான்யா வங்காளி. எழுத மட்டும்தான் தெரியும்'பான்! (சிரிப்பு) எழுதி அவிழ்க்கப் போனா முடிச்சு இன்னும் இறுகுது. ஜனக மகாராஜா சபையிலே விசுவாமித்திரர் இராமனைப் பத்தி எவ்வளவு சொன்னாலும், வில் ஒடிஞ்ச சத்தம் கேட்ட பிறகுதானே ஐயா சபையே நம்பிச்சு?

அந்த வில் ஒடிஞ்ச கதைதான் நான் சொல்ல வந்தது.

1889-லே வடக்கு கல்கத்தாவிலே, மோகன் பகான் வில்லான்னு ஒரு பெரிய தோட்ட வீடு. அங்கே கூடின இளைஞர்கள் ஒரு விளையாட்டுக் கழகம் தொடங்கினாங்க. அந்த வீட்டுப் பேரே கழகத்துக்குப் பேராச்சு. மோகன் பகான். முதல்லே 'ஸ்போர்ட்டிங் கிளப்'னுதான் பேர் வச்சாங்க. முதல் ஆண்டு விழாவுக்கு வந்த ஒரு இங்கிலீஷ் பேராசிரியர், ரோவ்னு பேர், "நீங்க மீன் பிடிக்கிறதும் இல்லே, துப்பாக்கி தூக்கி வேட்டைக்குப் போறதும் இல்லே. அப்புறம் எதுக்கு ஸ்போர்ட்டிங்?"னு கேட்டாராம். 'அத்லெடிக் கிளப்'னு பேரை மாத்திட்டாங்க. பேர் வைக்கிறதிலேகூட வெள்ளைக்கார வாத்தியார் சொன்னதைக் கேட்டு நடந்த பிள்ளைங்க. ஆட்டத்திலே கேட்டாங்களா? அதைத்தான் பார்க்கப் போறோம்.

அந்தக் காலத்திலே கால்பந்துக்குப் பெரிய போட்டி, 1893-லே ஆரம்பிச்ச ஐ.எஃப்.ஏ. கேடயம். அதிலே ஜெயிக்கிறது பெரும்பாலும் பட்டாளத்து அணிங்க. சாப்பாடு, உடற்பயிற்சி, நேரம் எல்லாமே சர்க்கார் செலவு. காலிலே தோல் பூட்ஸ். நம்ம பிள்ளைங்க? படிப்பு, ஆபீஸ் வேலை முடிச்சு சாயங்காலம் வந்து ஆடறவங்க. காலிலே ஒண்ணும் கிடையாது. வெறுங்கால்!

வெறுங்காலுக்கும் பூட்ஸுக்கும் என்ன வித்தியாசம்னு தாய்மார்களுக்கு விளங்கற மாதிரி சொல்றேன். பூட்ஸுக்கு அடியிலே குமிழ் இருக்கும். மழைச் சேற்றிலே அது மண்ணைக் கவ்விப் பிடிக்கும். வெறுங்கால் வழுக்கும். எங்கே வழுக்கும்னா, ஆத்தா எண்ணெய் கொட்டின ஆத்தங்குடி டைல்ஸ்லே நடக்கிற மாதிரி வழுக்கும்! (சிரிப்பு) அது மட்டுமா? பூட்ஸ் போட்டவன் மிதிச்சா விரல் நசுங்கும். போட்டி நடந்தது ஜூலை மாசம். கல்கத்தாவிலே மழைக்காலம். யாருக்கு வசதின்னு நீங்களே பார்த்துக்குங்க. வெறுங்காலுக்கு இருந்த ஒரே லாபம், பந்து விரலோட பேசும். உதைச்சுத் தள்ளாம, தடவி, உருட்டி, சின்னச் சின்னதாக் கைமாத்திக் கொண்டு போகலாம். அதைத்தான் அவங்க ஆயுதமாக்கினாங்க.

வருஷம் 1911. முதல் ஆட்டத்திலே செயின்ட் சேவியர்ஸை 3-0. அடுத்து ரேஞ்சர்ஸை 2-1. அதுக்கடுத்து ரைஃபிள் பிரிகேடை 1-0. அரையிறுதியிலே மிடில்செக்ஸ் பட்டாளம். 1-1னு சமநிலை. மறுபடியும் ஆடச் சொன்னாங்க. 3-0னு முடிச்சுட்டாங்க! ஊர் அப்பத்தான் கண்ணை முழிச்சுப் பார்க்குது. என்னடா, நம்ம பிள்ளைங்க இறுதிப் போட்டிக்கு வந்துட்டாங்க!

ஜூலை 29. எதிரே ஈஸ்ட் யார்க்‌ஷயர் பட்டாளம். ரயில்வே ஸ்பெஷல் ரயில் விட்டுச்சு. மைதானத்துக்கு வந்த கூட்டம் அறுபதாயிரம், எண்பதாயிரம்னு பத்திரிகைகள் எழுதின. ஒலிபெருக்கி கிடையாது, வானொலி கிடையாது. பாதிப் பேருக்கு ஆட்டமே தெரியலே. மரத்திலே ஏறினவன் பாக்கியசாலி. மத்தவங்களுக்கு எப்படிச் சேதி சொல்றது? காகிதப் பட்டத்திலே கோல் கணக்கை எழுதிப் பறக்க விட்டாங்க. வானத்தை அண்ணாந்து பார்த்து ஆட்டம் கேட்ட ஊர் அது ஒண்ணுதான் ஐயா!

முதல் கோல் பட்டாளத்துக்காரன் போட்டான். வானத்திலே பட்டம் ஏறுது. மோகன் பகான் 0, யார்க்‌ஷயர் 1. அறுபதாயிரம் பேர் மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கிறாங்க. அவ்வளவு பேர் மனசிலேயும் மெக்காலே சிரிச்சிருப்பார். 'நான்தான் சொன்னேனே'ன்னு!

அப்புறம் கேப்டன் சிப்தாஸ் பாதுரி பந்தை எடுத்துக்கிட்டுப் போய் ஒரு கோல். 1-1. ஆட்டம் முடியப் போகுது. மறுபடியும் பந்து சிப்தாஸ் காலுக்கு வருது. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான் ஐயா. தானே அடிச்சு வரலாற்றிலே ரெண்டு கோலோட நிக்கலாம். ஆனா அவர் அபிலாஷ் கோஷுக்குத் தள்ளி விட்டார். அபிலாஷ் அடிச்சார். கோல்! 2-1. கேடயம் முதல் தடவையா ஒரு இந்திய அணி கைக்கு வந்தது! (பலத்த கைதட்டல்)

பட்டம் மேலே போச்சு நடுவர் அவர்களே. எழுபது வருஷத்துக்கு முன்னாலே ஒரு ஏடு தலையிலே கட்டின பட்டம் ஒண்ணு. அன்னைக்கு வானத்திலே ஏறின பட்டம் ஒண்ணு. பறந்த பட்டம் கட்டின பட்டத்தைக் கிழிச்சிருச்சு!

இதை நான் சொன்னா, ஆட்டக் கட்சிக்காரன் மிகைப்படுத்தறான்னு சொல்லுவீங்க. வெள்ளைக்காரங்க நடத்தின 'இங்கிலீஷ்மேன்' பத்திரிகையே, காங்கிரஸும் சுதேசிக்காரர்களும் இதுவரைக்கும் செய்ய முடியாததை, அதாவது பிரிட்டிஷ்காரனை எதிலும் ஜெயிக்க முடியாதுங்கிற நினைப்பை உடைக்கிறதை, இந்தக் கால்பந்துக்காரங்க செஞ்சுட்டாங்கங்கிற கருத்திலே எழுதிச்சு. அதுக்கு என்ன பதில்?

இன்னொண்ணு. அந்த அணியிலே எல்லாரும் வெறுங்கால்னு சொன்னேன். ஒருத்தர் மட்டும் பூட்ஸ் போட்டிருந்தார். சுதீர் சாட்டர்ஜி, கிறிஸ்தவர், பின்னாலே பாதிரியார் ஆனவர். இருபது வெறுங்காலும் ரெண்டு பூட்ஸும் சேர்ந்து ஆடின ஆட்டம் அது. ஜெயிச்சப்போ முஸ்லிம் ஆட்டக்காரங்களும் சொந்த வீட்டு விசேஷம் மாதிரிக் கொண்டாடினதா அன்றைய பத்திரிகைச் செய்திகள் சொல்லுது. வங்காளத்தை 1905-லே ரெண்டாப் பிளந்து வச்சிருந்த நேரம் ஐயா அது. பிளந்து கிடந்த வீட்டைச் சேர்த்து வச்சது ஒரு தோல் பந்து.

அதுக்கும் முன்னாலேயே பந்து ஒரு வேலையைச் செஞ்சிருக்கு. நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரின்னு ஒருத்தர். கல்கத்தாவிலே கால்பந்தைப் பரப்பினவர். அவர் கழகத்திலே குயவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தனைச் சேர்க்க மத்தவங்க சம்மதிக்கலே. 'அப்படின்னா இந்தக் கழகமே வேண்டாம்'னு கலைச்சுட்டு, சோபாபஜார்னு புதுக் கழகம் கண்டார். அந்த சோபாபஜார்தான் 1892-லே டிரேட்ஸ் கோப்பைப் போட்டியிலே ஈஸ்ட் சர்ரே பட்டாளத்தைத் தோற்கடிச்சு முதல் அடி கொடுத்தது. சாதி பார்க்காதேன்னு ஏடு எத்தனையோ சொல்லுது. மைதானத்திலே சாதி பார்த்தா கோல் விழாது. அதுதான் வித்தியாசம்.

எதிரணி நண்பர்கள் இப்ப என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். "1911-லே நடந்த ஆட்டம் உமக்கு எப்படித் தெரியும்? எழுதி வச்சதாலேதானே?"

நியாயமான கேள்வி. நான் மறுக்கலே. 'மானசி'ங்கிற வங்காள மாத இதழ் அந்த வெற்றியைக் கவிதையாவே போட்டுச்சு. பின்னாலே அதே ஊர்லே மோதி நந்தின்னு ஒரு எழுத்தாளர், 'ஸ்டிரைக்கர்', 'ஸ்டாப்பர்'னு கால்பந்துக்காரர் வாழ்க்கையை நாவலாவே எழுதினார். ஆனா கவனிங்க. அங்கே ஏடு ஆட்டத்தைத் தேடிப் போயிருக்கு! நம்ம திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியிலே வசந்தவல்லியைப் பந்தடிக்க விட்டுத்தானே தமிழுக்கு அழகு சேர்த்தார்? பந்து துள்ளினாத்தான் பாட்டு துள்ளும்.

அதுக்கு மேலே ஒரு கணக்கு சொல்றேன். ஆட்டம் ஜெயிச்சது 1911 ஜூலை. வங்கப் பிரிவினை ரத்துன்னு டில்லி தர்பார்லே அறிவிச்சது அதே வருஷம் டிசம்பர் 12. அதே மேடையிலே தலைநகரத்தைக் கல்கத்தாவிலேருந்து டில்லிக்கு மாத்தறதாவும் சொல்லிட்டாங்க. ஆட்டத்தாலேதான் இதெல்லாம் நடந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். அது பொய். ஆனா தலைநகரப் பட்டம் போன அதே டிசம்பர் 27-லே, அதே கல்கத்தாவிலே, காங்கிரஸ் மாநாட்டிலே, தாகூரின் 'ஜன கண மன' முதல் தடவையாப் பாடப்பட்டது. அஞ்சு மாசத்துக்குள்ளே ஒரே ஊர். கால் ஒரு தடவை எழுந்து நின்னுச்சு. குரல் ஒரு தடவை எழுந்து நின்னுச்சு. முதல்லே நின்னது எது? கால்!

அந்த ஊர்லே ஒரு கதை சொல்லுவாங்க. ஆட்டம் முடிஞ்சு வர்ற ஒரு வீரர்கிட்டே, பெரியவர் ஒருத்தர் வில்லியம் கோட்டை மேலே பறந்த வெள்ளைக்காரன் கொடியைக் காட்டி, "இது ஆச்சு. அது எப்ப இறங்கும்?"னு கேட்டாராம். "அடுத்த தடவை இந்தக் கேடயத்தை நாங்க ஜெயிக்கிறப்போ"ன்னு பதில் வந்ததாம். இது யாரோ கட்டின கதையாவே இருக்கட்டும். மோகன் பகான் அந்தக் கேடயத்தை ரெண்டாவது தடவை ஜெயிச்ச வருஷம் எது தெரியுமா? 1947! (பலத்த கைதட்டல்) அது கதை இல்லே ஐயா, கணக்கு.

இனிமே நம்ம ஊருக்கு வருவோம். 'கல்கத்தா கதை காரைக்குடிக்கு எதுக்கு?'ன்னு ஒரு அம்மா முகத்திலே கேள்வி தெரியுது. காரணம் இருக்கு தாயே.

1897-லே விவேகானந்தர் பாம்பன்லே வந்து இறங்கினார். இராமநாதபுரம், பரமக்குடி வழியா நம்ம மானாமதுரைக்கு வந்தார். மானாமதுரைக்காரங்களும் சிவகங்கைக்காரங்களும் சேர்ந்து வரவேற்புப் பத்திரம் வாசிச்சுக் கொடுத்தாங்க. அங்கேருந்து மதுரை வழியாச் சென்னைக்குப் போனார். போய், சென்னை மேடையிலே நம்ம இளைஞர்களைப் பார்த்து என்ன சொன்னார்? கீதையைப் படிக்கிறதைவிடக் கால்பந்து ஆடறதாலே நீங்க சொர்க்கத்துக்குக் கிட்டப் போவீங்கங்கிற பொருள்லே சொன்னார். உடம்பிலே உரம் ஏறினா கீதையே இன்னும் நல்லாப் புரியும்னும் சொன்னார். சொன்னவர் யார்? கீதையைக் கரைச்சுக் குடிச்சவர். மோகன் பகான் முளைச்ச அதே வடக்கு கல்கத்தாவிலே பிறந்தவர். நம்ம ஜில்லா மண்ணை மிதிச்சுட்டுப் போய் அதைச் சொல்லியிருக்கார். அந்த வார்த்தையை நாம கேட்டோமா?

கேக்கலே! நம்ம பள்ளிக்கூடங்களைப் பாருங்க. வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட். அதைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பித் தரவே மாட்டார். கொடுக்கல் வாங்கலுக்குப் பேர் போன செட்டிநாட்டிலே, வட்டியும் வராம அசலும் வராம முங்கிப் போன கடன் அது ஒண்ணுதான்! (சிரிப்பு, கைதட்டல்)

வீட்டுக்கு வந்தா? "ஆத்தா, கொஞ்ச நேரம் பொட்டல்லே விளையாடிட்டு வர்றேன்." "அப்பச்சி வர்ற நேரம். புத்தகத்தை எடுத்துக்கிட்டு உட்காரு. அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பாரு!" அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அதே பேச்சுதான். அவன் இவனைப் பார்க்கிறான், இவன் அவனைப் பார்க்கிறான். பந்து தனியாக் கிடக்குது.

சிரிக்கிறீங்க. சிரிக்க முடியாத சங்கதி ஒண்ணு சொல்றேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்திலே, கடைசி பெஞ்சிலே ஒரு பையன். 'மக்கு'ன்னு வகுப்பிலே அவனுக்குப் பட்டம் கட்டியிருந்தாங்க. அவனும் அதை நம்பிட்டான். கேள்வி கேட்டா எழுந்து நின்னு தரையைப் பார்ப்பான். ஒரு நாள் சாயங்காலம் மைதானத்திலே அவனைப் பார்த்தேன். நிமிர்ந்து நிக்கிறான். யார் எங்கே நிக்கணும், பந்து எங்கே வரப் போகுதுன்னு பத்துப் பேருக்குச் சத்தம் போட்டுச் சொல்லிக்கிட்டிருக்கான். ஒரு நொடியிலே எத்தனை கணக்குப் போடறான்! யாரய்யா அவனை மக்குன்னது? மறுநாளிலேருந்து அவன்கிட்டே நான் பந்தைப் பத்தித்தான் முதல்லே பேசுவேன். தரையைப் பார்த்த கண்ணு, மெல்ல மெல்ல என் முகத்தைப் பார்த்துச்சு. அப்புறம் கரும்பலகையைப் பார்த்துச்சு. அவன் முதல் மாணவன் ஆகலே. ஆனா வாயைத் திறந்து பதில் சொல்ல ஆரம்பிச்சான். ஒரு ஆசிரியனுக்கு அதுதானே ஐயா கேடயம்!

ஏடு வேண்டாம்னு நான் சொல்லலே நடுவர் அவர்களே. சொன்னா என் நாக்கு அழுகிடும். நான் சொல்றது இதுதான். தாகூரும் பங்கிமும் விவேகானந்தரும் வாழ்ந்த ஊருக்கே, தன்னாலே முடியும்னு கண்ணாலே பார்க்க ஒரு ஆட்டம் தேவைப்பட்டுச்சு. அப்படின்னா நம்ம வீட்டுப் பிள்ளைக்குத் தேவைப்படாதா? 'உன்னாலே முடியும்'னு ஏடு சொல்லும். 'முடிஞ்சுது பார்'னு ஆட்டம் காட்டும். சொன்னதைக் கேட்டவன் தலையாட்டுவான். முடிஞ்சதைப் பார்த்தவன்தான் நிமிர்ந்து நிப்பான்.

அதனாலே, ஓர் ஊரை நிமிர வைப்பது ஆட்டமே, ஆட்டமே என்று தீர்ப்புச் சொல்லும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பு எப்படி வந்தாலும் தாய்மார்கள்கிட்டே ஒரே ஒரு விண்ணப்பம். நாளைக்குச் சாயங்காலம் பிள்ளை பந்தை எடுத்தா, பறிக்காதீங்க. ஒரு மணி நேரம் விட்டுக் கொடுங்க. பையனுக்கு மட்டும் இல்லே, பொண்ணுக்கும்தான்.

 (நீண்ட கைதட்டல்)